முனாஸின் சீனி போடாத தேத்தண்ணி

துறைமுகக் களஞ்சியத்தில் முப்பது வருசம் கப்பல்காரரோடு மல்லுக்கட்டியவர் முனாஸ். ஊசியைக் கண்டால் மட்டும் மனிதருக்குக் குலை நடுங்கும். "அடுத்த மாதமும் இரத்தத்தில சீனி இறங்காட்டி இன்சுலின் ஊசிதான்" என்று கிளினிக்கில் டொக்டர் சொன்ன அன்றே, வீட்டுக்கு வந்து மனைவியிடம் முழங்கினார்.

"றுக்கியா, இனி தேத்தண்ணிய நான்தான் போடுவன். கறுவா, இஞ்சி, வெந்தயம், ஆவாரம்பூ. சீனி ஒரு மணியும் இல்ல!"

"நல்லம். ஆனா டொக்டர் தந்த குளிசைய விழுங்காம விட்டுராதீங்க. தேத்தண்ணி குளிசைக்குத் துணைதான், மாத்து இல்ல."

"அது எனக்குத் தெரியாதா புள்ள?"

சுடுதண்ணி வைக்கவே தெரியாத மனிதர் குசினியில் நின்று கறுவாப்பட்டையை இடித்தார், கொதிக்கவிட்டார், வடித்தார். முதல் மிடறிலேயே முகம் அஷ்டகோணலாகிவிட்டது. வேப்பெண்ணெய் தேவலை என்றிருந்தது.

இரண்டாம் நாள் ஒரு வழி பிறந்தது. ஊரில் வெறுந்தேத்தண்ணியை எப்படிக் குடிக்கிறார்கள்? உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, ஒரு நக்கு, ஒரு மிடறு. சீனி கையில் இருக்கிறது, தேத்தண்ணி கோப்பையில் இருக்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? பின்கதவைத் திறந்து வெளியே போய் நின்று நக்கினார், குடித்தார். சுகமாக இருந்தது.

"சீனி போட்டீங்களா?"

"வேணுமெண்டா குடிச்சுப் பாருங்க!"

றுக்கியா குடித்துப் பார்த்தாள். கசந்தது. கோப்பையைத் திருப்பி நீட்டினாள்.

கிளினிக் நாள் நெருங்க நெருங்க முனாஸ் ஊசியையே நினைத்துக்கொண்டிருந்தார். பயம் கூடக்கூடத் தேத்தண்ணியைக் கூட்டினார். ஒரு கோப்பை மூன்றானது. ஒரு கை சீனியும் மூன்று கையானது. பாவம், அந்தக் கணக்கை மட்டும் அவர் பார்க்கவில்லை. கறுவா காப்பாற்றும் என்று நம்பியிருந்தார்.

றுக்கியா வேறொன்றைப் பார்த்தாள். பின்கதவுக் கொண்டியில் எறும்பு ஊர்ந்தது. இரும்புக் கொண்டியில் எறும்புக்கு என்ன வேலை? பக்கத்து வீட்டுச் சப்ரினாவிடம் போய்ச் சீனி பார்க்கிற மெஷினை இரவல் வாங்கி வந்தாள்.

கிளினிக்குக்கு முதல்நாள் பின்னேரம். முனாஸ் கதிரையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு நான் ஊத்தித் தாறன். நீங்க இருங்க," என்றாள் றுக்கியா.

கோப்பையை வலக்கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். முனாஸின் நினைப்பெல்லாம் நாளைய ஊசியில். இடக்கை தன்பாட்டில் நீண்டது. உள்ளங்கை குழிந்து சீனிக்குக் காத்திருந்தது.

அந்தக் கையை அவள் இறுக்கிப் பிடித்துத் துடைத்தாள். மெஷினோடு வந்த ஊசி விரலில் 'சுருக்' என்றது.

"உம்மா!" தேத்தண்ணி இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் கொட்டியது.

"இருநூற்றி எண்பத்தாறு," என்று மெஷினை வாசித்தாள் றுக்கியா.

"அல்லாஹ்வுக்காகச் சொல்றன் புள்ள, கோப்பைக்குள்ள ஒரு மணி சீனியும் போடல்ல!"

"ஓம், கோப்பை நல்ல சுகமா இருக்கு," என்றாள் றுக்கியா. "நாளைக்கு ஊசிக்கு நீங்க மட்டும் வந்தாப் போதும்."