நொத்தாரிசு அக்காவும் ஞாயிற்றுக்கிழமைக் குளிசையும்

மருந்துப் பெட்டிக்குள்ளை மடிச்சு வைக்கிற தாளை முதல் எழுத்திலையிருந்து கடைசி எழுத்துவரைக்கும் வாசிச்ச ஆள் இந்த யாழ்ப்பாணத்திலை ஒராள்தான். அது உடுவிலிலை என்ரை பக்கத்து வீட்டு நொத்தாரிசு அக்கா. மருந்து விக்கிறவையே அதை வாசிச்சிருக்க மாட்டினம்.

உண்மையிலை அவ நொத்தாரிசு இல்லை. ஒரு நொத்தாரிசின்ரை கந்தோரிலை முப்பது வருசம் காணி உறுதி எழுதினவ. வடக்கு எல்லை, கிழக்கு எல்லை, கிணத்திலை பங்கு, வழிவாய்க்கால் எண்டு எழுதி எழுதி, எதுக்குள்ளையும் ஒரு வில்லங்கம் ஒளிஞ்சிருக்கும் எண்ட எண்ணம் ஆளுக்கு ஊறிப்போச்சு. பஸ் ரிக்கற்றின்ரை பின்பக்கத்தையும் வாசிச்சுப்போட்டுத்தான் சீற்றிலை இருப்பா. என்ரை கலியாணத்துக்கு வந்தவ, வாழ்த்துச் சொல்ல முதல் பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பாத்தவ. திகதி பிழையாக் கிடந்ததைப் பிடிச்சும் போட்டா.

போன வருசம் கிணத்தடியிலை வழுக்கிக் கை ஊண்டினதுக்கே அவவின்ரை மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. நான்தான் ஓட்டோவிலை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனனான். எலும்பைச் சோதிச்ச டொக்டர் பிள்ளை, எலும்பு நல்லாத் தேஞ்சுபோச்சு, அடுத்த முறிவு இடுப்பிலை வந்தால் படுக்கைதான் எண்டு சொல்லி, கிழமைக்கு ஒண்டாய்க் குளிசை எழுதினா. வெறுவயித்திலை ஒரு கிளாஸ் தண்ணியோடை விழுங்கோணும். அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது, தேத்தண்ணியும் கூடாது.

மருந்தை வாங்கின கையோடை அக்கா தாளை விரிச்சா. விரிச்சுப்போட்டுத் திரும்பவும் டொக்டரிட்டைப் போனா.

"பிள்ளை, எங்கடை கிணத்துத் தண்ணி முழுக்கச் சுண்ணாம்பு. தண்ணி கொதிக்க வைக்கிற கேத்திலை வந்து பாருங்கோ, அடி முழுக்க வெள்ளையாப் படிஞ்சு கிடக்கு. அறுபத்தெட்டு வருசமாக் குடிக்கிறன். அவ்வளவும் எங்கை போனது?"

டொக்டர் சிரிக்கேல்லை. வயசு போக எலும்பிலை சேருறதைவிடக் கரையிறது கூட எண்டு பொறுமையா விளங்கப்படுத்தினா. அக்கா தாளிலை விரலை வைச்சா. தொண்டைக் குழாய் புண்ணாகலாமாம், தாடையெலும்பு பழுதாகலாமாம், தொடையெலும்பு முறியவும் கூடுமாம். முறியாமல் இருக்கத் தாற மருந்தே முறிக்குமெண்டால் இது என்ன நியாயம் எண்டு கேட்டா. எனக்கும் அது நியாயமான கேள்வியாத்தான் பட்டுது.

"அம்மா, தாளிலை உள்ளது எப்பவேன் ஆரோ ஒருத்தருக்கு வாறது. உங்களுக்கு முறிவு ஏற்கெனவே வந்திட்டுது," எண்டா டொக்டர். முதல் பல்லு டொக்டரிட்டைப் பல்லைக் காட்டிப்போட்டுக் குளிசையைத் தொடங்கச் சொன்னா. நெஞ்சு எரிஞ்சால் உடனை வரச் சொன்னா. சில வருசத்தாலை நிப்பாட்டிப் பாக்கலாம் எண்டும் சொன்னா.

அக்கா பல்லைக் காட்டினா, அதோடை சரி. குளிசைப் பெட்டி மூண்டு மாசம் சாமியறையிலை கிடந்தது. ஒரு கொப்பியிலை நடுவிலை கோடு கிழிச்சு, ஒரு பக்கம் நன்மை, மற்றப் பக்கம் தீமை எண்டு எழுதிக்கொண்டே இருந்தா. தீமைப் பக்கம் நிரம்பி வழிஞ்சுது. நன்மைப் பக்கத்திலை ஒரேயொரு வரிதான், எலும்பு முறியாமல் இருக்கக்கூடும் எண்டு. இப்பிடி எழுதின உறுதியை ஆரும் நம்பி வாங்குவினமோ எண்டு என்னட்டை நியாயம் கேப்பா.

எங்களுக்குப் பகிடி. ஆனா அந்த வீட்டிலை அவவின்ரை தங்கச்சியும் இருக்கிறா. நான் சின்னக்கா எண்டு கூப்பிடுறனான். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காது. கட்டிலிலையிருந்து கதிரைக்கும், கதிரையிலையிருந்து கட்டிலுக்கும் தூக்கி இருத்துறது அக்காதான். அக்கா படுக்கையிலை விழுந்தால் ரண்டு பேரின்ரை கதையும் முடிஞ்சுது.

ஒருநாள் பின்னேரம் பேப்பர் குடுக்கப் போனன். ரண்டு பேரும் நிலத்திலை இருந்தினம். தூக்கேக்கை அக்காவுக்கு இடுப்பு நாரி பிடிச்சிட்டுது. தங்கச்சியை மடியிலை சரிச்சபடியே தானும் இருந்திட்டா. எழும்ப ஏலாமல் ஒரு மணித்தியாலம் அப்பிடியே இருந்திருக்கினம். ஏன் கூப்பிடேல்லை எண்டு கேட்டதுக்கு, நான் சாப்பிட்டுப்போட்டுப் படுத்திருப்பன் எண்டு நினைச்சவவாம். எனக்குக் கோவமும் வந்தது, அழுகையும் வந்தது.

சின்னக்காவின்ரை பேச்சு வழமையாத் தெளிவில்லை. அண்டைக்குச் சொன்னது எங்கள் ரண்டு பேருக்கும் நல்லா விளங்கினது.

"அந்தக் கொப்பியிலை என்ரை பேரையும் எழுது அக்கா. எந்தப் பக்கமெண்டு நீயே பார்."



அடுத்த ஞாயிறு விடிய என்னையும் என்ரை மனிசியையும் கூப்பிட்டா. மேசையிலை குளிசை, ஒரு கிளாஸ் தண்ணி, ஒரு பத்திரம். 'மேற்படி குளிசையின் நன்மை தீமை இரண்டையும் வாசித்தறிந்து, சுயபுத்தியுடன், எவருடைய வற்புறுத்தலுமின்றி விழுங்குகிறேன்' எண்டு முத்துமுத்தான எழுத்து. ரண்டு சாட்சி இல்லாமல் அவவுக்கு ஒரு காரியமும் செல்லாது. கையெழுத்து வைச்சம். விழுங்கினா. பிறகு அரை மணித்தியாலம் நிமிந்து நிண்டா. எங்களையும் இருக்க விடேல்லை. விடியத் தேத்தண்ணி இன்னும் குடியாமல் நிண்ட என்ரை மனிசியின்ரை முகத்தை நீங்கள் பாத்திருக்கோணும்.

இண்டைவரைக்கும் தாடை கழண்டு விழேல்லை. ஒருக்கால் நெஞ்சு எரிஞ்சது, அண்டைக்கே போய் டொக்டரிட்டைக் காட்டினா. இனி முறியாது எண்டு ஆரும் அவவுக்கு எழுதித் தரேல்லை. அது தெரிஞ்சுகொண்டுதான் கிழமைக்குக் கிழமை விழுங்குறா.

மனிசி ரண்டாம் கிழமையோடை வாறதை நிப்பாட்டிப்போட்டா. எனக்கும் இனி வரத் தேவையில்லை எண்டு அக்கா சொல்லிப்போட்டா. நான் போறனான். அரை மணித்தியாலம் அவவோடை சேந்து நிப்பன். பிறகு சின்னக்காவின்ரை ஒரு பக்கத்தை நான் பிடிக்க, மற்றப் பக்கத்தை அவ பிடிக்க, ரண்டு பேருமாத் தூக்கிக் கதிரையிலை இருத்துவம். எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லை. ஞாயிற்றுக்கிழமையளிலை அது ஒரு குறையாத் தெரியிறேல்லை.