கலியாண வீட்டார்

வாவிக்கு இந்தக் கரை, அந்தக் கரை எங்கே தேடினாலும், ஆஸ்பத்திரிக்கு அவரைப்போல உடுத்துக்கொண்டு வருகிற ஒரு மனிதரைக் காணமுடியாது. கரை போட்ட பட்டு வேட்டி, மடித்துப் போட்ட சால்வை, அடுத்த வாங்கில் இருப்பவரையும் தும்மவைக்கும் அத்தர். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அரசாங்கம் இலவசமாக மருந்து கொடுக்கிற மட்டக்களப்பு கிளினிக்கில் நாங்கள் எல்லோரும் வெறும் நம்பர்கள். அவருக்கு மட்டும் மருந்து தருகிற நர்ஸ் மிஸ்ஸி ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்: கலியாண வீட்டார்.

பெரியகல்லாற்றில் தனியாக இருந்தவர். அடிக்கடி டவுனுக்குப் போனால் அயலில் கேட்பார்கள். அதனால் ஒவ்வொரு கிளினிக் நாளும் யாரோ ஒரு சொந்தக்காரருக்குக் கலியாணம். திரும்பும்போது பேக்கரியில் கேக் வாங்கி, துண்டு துண்டாகக் கடதாசியில் சுற்றி அயலுக்குக் கொடுப்பார்.

"பக்கத்து வீட்டுப் புள்ள கேக்குது, இத்தன சொந்தம் இருந்தும் ஒராளும் உங்கட வீட்டுக்கு வாறல்லையே எண்டு" என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் சால்வையை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார்.

நான் முதல்நாள் போனபோது சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் வந்து இருந்தார்.

"பொம்புள வீடா, மாப்பிள வீடா மனே?"

நான் கையிலிருந்த நம்பர் துண்டைச் சுருட்டினேன்.

"நானும் முதல்ல செத்த வீட்டுக்கு வந்தவன்போலதான் இருந்தன். மறுகா பாத்தா, ஒரு நாளைக்கு ஒரு குளிசை. அவ்வளவுதான்."

கேக் துண்டு ஒன்றை என் கையில் வைத்தார். கொக்கட்டிச்சோலையில் டிராக்டர் திருத்துகிறேன் என்று மட்டும் சொன்னேன். பெயரை அவர் கேட்கவில்லை.

சில மாதங்கள் ஒழுங்காகப் போனேன். பிறகு எங்கள் ஒழுங்கையில் ஒருவரை அதே ஆஸ்பத்திரியில் வார்டில் மறித்துவிட்டார்கள். பார்க்கப்போன சனம் கேற்றடியிலும் தேத்தண்ணிக் கடையிலும் நிறைந்திருந்தது. நான் எப்படி அந்த வாசலால் நுழைவது? கிளினிக்கிலிருந்து கோல் வந்தது, போனை நிறுத்திவைத்தேன். குளிசைப் போத்தல் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அம்மாவுக்கும் தெரியாத விஷயத்தை யாரிடம் சொல்ல?

ஒரு பின்னேரம் எங்கள் வாசலில் அத்தர் மணந்தது. கலியாண வீட்டார் பட்டு வேட்டியோடு, கையில் வெற்றிலைத் தட்டமும் வைத்துக்கொண்டு நின்றார். டிராக்டர் மெக்கானிக் வீடு எது என்று கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார்.

"தம்பிக்குச் சொல்லிட்டுப் போக வந்தனான். புதன்கிழம கலியாணம்."

அம்மா கதிரை எடுத்துப் போட்டார். "பொம்புள ஆரு?"

"கவர்மெண்டு வேல."

"அப்ப சீதனம் கூடத்தானே?"

"ஒரு சதமும் இல்ல, அம்மா. எல்லாம் இலவசம்."

இந்தக் காலத்தில் இப்படியும் ஆட்கள் இருக்கிறார்களா என்று அம்மா வாயில் கைவைத்தார். அவர் என் பக்கம் திரும்பினார்.

"முன்வாசல்ல சனம் கூட, மனே. பின்பக்க கேற்றால வாங்க. உங்கட பங்க மிஸ்... மிஸிஸ் ஒராள் எடுத்து வெச்சிரிக்கா."

புதன்கிழமை பின்பக்க கேற்றால் போனேன். மருந்து இருந்தது. அடுத்த இரத்தப் பரிசோதனையில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டதென்று டொக்டர் சொன்னார். அதை நான் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். நான் வெளியே வரும்போது அவர் மருந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் கிளினிக்குக்கு வெளியே ஒருவரையொருவர் தெரியாது என்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். அன்றைக்குப் பின்னேரம் டவுனில், கல்முனை பஸ்ஸில் அவர் யன்னலோரமாக இருப்பதைக் கண்டேன். பக்கத்து சீற் வெறுமையாக இருந்தது. ஏறிப்போய் இருந்தேன்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆராவது காணப்போறாங்க, மனே."

"கண்டாக் காணட்டும்" என்றேன்.

பஸ் புறப்பட்டது. நான் போகவேண்டிய ஊர் வாவிக்கு மற்றப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். கேட்கவில்லை. பெரியகல்லாறு வரும்வரை கதைத்துக்கொண்டே போனோம்.