இஸ்திரி போட்ட கேள்வித்தாள்

“பேப்பரெல்லாம் ஒரே சொரசொரப்பா இருந்துச்சு. இஸ்திரி போட்டு வச்சிட்டேன். எப்படி?”

கணவர் பெருமையாக நீட்டிய தாள்கட்டை டீச்சர் அவசரமாகத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. ஒரு புள்ளி மிச்சமில்லை.

“ஏங்க, அது பிரெயிலுங்க! கண்ணு தெரியாத புள்ளைங்க தடவிப் படிக்கிற கேள்வித்தாள். இன்னிக்குப் பரீட்சை!”

“வெள்ளைத்தாள்னு நெனச்சேன். நீதான் ஸ்கூல் வேலைய வீட்டுக்கே கொண்டு வர மாட்டியே?”

கொண்டு வருகிறவள் இல்லைதான். போன வருடம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்துதான் ஊசியால் குத்தி எழுதினாள். வகுப்பே ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்கியது. கேள்வித்தாளை டீச்சரே வெளியே விட்டதாகப் பேச்சு. “இந்தத் தடவையும் இப்படி ஆச்சுன்னா உங்களை மாத்தச் சொல்லி நானே எழுதிடுவேன்” என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

இந்தப் பள்ளிக்கே இரண்டு பஸ் மாறி வருகிறாள். மூன்றாவது பஸ்ஸுக்கு உடம்பில் தெம்பில்லை. அந்த ஏழு வாலுகளை விட்டுப் போக மனசும் இல்லை. அதனால்தான் வீட்டில் வைத்து, மணிக்கட்டு வீங்க வீங்கக் குத்தினாள்.

பள்ளியில் தலைமையாசிரியர் கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“இஸ்திரியா? கேள்வியை வீட்ல வேற யாரு பார்த்தது?”

“அவர் மட்டுந்தான் சார். அவருக்கு அது வெள்ளைத்தாள்.”

“நம்ப முடியாது. எல்லாம் புதுக் கேள்வியா எழுதுங்க, இங்கேயே. பரீட்சை மதியம். நானே வாசல்ல நிக்கறேன். ஈ, எறும்பு உள்ள போகாது.”

டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு குத்தத் தொடங்கினாள். டக், டக், டக். கணவர்மேல் இருந்த கோபமெல்லாம் ஊசியில் இறங்கியது. ஒரே கேள்வி, ஏழு பேருக்கு ஏழு தடவை. முதுகு விட்டுப்போனது.

“சத்தம் வரக்கூடாது! டீச்சர் வேலை பார்க்கிறாங்க. யாரும் மூச்சு விடக் கூடாது!” என்று வெளியே தலைமையாசிரியர் அதட்டினார். வராந்தாவில் ஏழு பிள்ளைகளும் என்றைக்கும் இல்லாத அடக்கத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

மதியம் அவரே தன் கையால் தாள்களைக் கொடுத்துக்கொண்டு வந்தார். கடைசி பெஞ்சில், ‘வாயாடி’ என்று பெயரெடுத்த சிறுமியிடம் வந்ததும் நின்றுவிட்டார். அவள் ஊசியும் பலகையுமாக மும்முரமாகக் குத்திக்கொண்டிருந்தாள்.

“உனக்கு இன்னும் கேள்வித்தாளே குடுக்கலியே! என்ன எழுதுற?”

“மூணாவது கேள்விக்குப் பதில், சார்.”

டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாவது பஸ் கண்முன்னே வந்து நின்றது.

“யாரு சொன்னா? டீச்சரா? உண்மையைச் சொல்லு!”

“யாரும் சொல்லல சார். டீச்சர் குத்துற சத்தத்தை வச்சே என்ன எழுத்துன்னு தெரிஞ்சிடும். போன வருஷம் வெளியில ஒரே கூச்சல், ரெண்டு கேள்வி காதுல விழல. இந்தத் தடவை நீங்க வாசல்ல நின்னு எல்லாரையும் அடக்கினீங்கல்ல, அதான் ஒண்ணு விடாம கேட்டுச்சு. ரொம்ப தேங்க்ஸ் சார்!”