கப்பலில் கூட வந்தவர்கள்

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. யாராவது அப்படி நினைத்துக்கொண்டால் மறுத்ததில்லை, அவ்வளவுதான்.

காலேஜில் சமஸ்கிருதத்துக்குப் பயந்து பிரெஞ்சு எடுத்தவன் நான். இரண்டு வருஷத்தில் நாற்பது வார்த்தை தேறியிருக்கும். அதில் பதினைந்து காய்கறி. இந்தப் பலத்தில்தான் நானும் என் நண்பன் சலீமும் ஸ்ரீரங்கத்தில் ஒரு வாசகசாலை மாடியில் திரைப்படச் சங்கம் ஆரம்பித்தோம். நான் செயலாளர், அவன் ப்ரொஜெக்டர். (மெஷின் அவன் வாப்பாவின் வாடகை சாமான் கடையில் இருந்து வந்தது. பிரியாணி தேக்சாவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்ததால் கொஞ்சம் மசாலா வாசனை அடிக்கும்.)

முதல் படமே புதுச்சேரியிலிருந்து வரவழைத்த பிரெஞ்சுப் படம். ஆப்பிரிக்காவில் போய்க் குடியேறும் ஒரு குடும்பத்தின் சிரிப்பும் அழுகையும் என்று எழுதியிருந்தார்கள். கதைச்சுருக்கம் தனித் தபாலில் வருமாம். வரவில்லை. படத்தின் முதல் ஒரு நிமிஷத்தை ஓட்டிப் பார்த்தால், அடியில் ஓட வேண்டிய இங்கிலீஷ் எழுத்தும் இல்லை.

"என்ன மாப்ளே பண்றது?" என்றான் சலீம்.

"மைக்கைக் கொண்டா. நான் சொல்றேன்" என்றேன்.

படத்தைத் தள்ளி வைத்திருக்கலாம். ஆனால் அன்று அரியமங்கலத்திலிருந்து என் தாய்மாமா வருவதாக இருந்தார், மகள் வசந்தாவோடு. வசந்தாவை எனக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர், எதையும் தட்டிப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டார். "பையன் ஏதோ சங்கம் நடத்துறானாமே, பாத்துட்டு வருவோம்" என்று சொல்லியிருந்தாராம். அதாவது என்னைத் தட்டிப் பார்க்க வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் கம்பளி. திரையில் கப்பல். ஒரு அப்பா, அவர் பெண், இன்னொரு அம்மாள், அவள் பையன் என்று நான்கு பேர் இறங்குகிறார்கள். துறைமுக அதிகாரி என்னவோ கேட்கிறார். அப்பாக்காரர் பையனைக் காட்டி, "குஸேன்" என்கிறார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. தெரிந்த வார்த்தை! இங்கிலீஷிலும் அதே 'கஸின்'தானே? மைக்கில் முழங்கினேன்: "இவர் அந்தப் பெண்ணுடைய பெரியப்பா மகன். அண்ணன் முறை. கூட இருப்பது பெரியம்மா."

பிரெஞ்சுக்காரன் ஒரே சொல்லில் முடித்துக்கொண்டதை நாம் எத்தனை சொல்லாகப் பிரித்து வைத்திருக்கிறோம் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவில்லை.

நால்வரும் ஒரே வீட்டில் குடியேறினார்கள். பையன் அந்தப் பெண்ணுக்குத் தொப்பி வாங்கித் தந்தான். பெண்கள் பக்கத்திலிருந்து, "அண்ணன்னா இப்படி இருக்கணும்" என்று ஒரு குரல். நான் உற்சாகமாகி, 'பாசமலர்' பாணியில் நாலு வசனம் சொந்தமாகவே சேர்த்தேன்.

இரண்டாவது ரீலில், பட்டப்பகலில், கடற்கரையில், அண்ணன் தங்கையை முத்தமிட்டான்.

முன்வரிசையில் இருந்த வடகலை ஸ்வாமி ஒருவர் எழுந்தார். "ஓய், செயலாளரே! அண்ணான்னு சாதிச்சீரே? என்ன அபசாரம் இது!"

"சின்னத் திருத்தம்" என்றேன். "அது... அத்தை மகன். முறைப்பையன்தான்."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். மாமா மட்டும் விடவில்லை. "ஏம்ப்பா, அப்ப அந்தம்மா யாரு?"

"அத்தைதான் மாமா."

"அதாவது அந்தப் பெரியவருக்குத் தங்கச்சி."

"ஆமா மாமா."

சொல்லி வாய் மூடவில்லை. திரையில் அந்தப் பெரியவர் ஒரு மோதிரத்தை எடுத்துத் தங்கச்சி விரலில் போட்டு, அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

ஸ்வாமி "நாராயணா!" என்று காதைப் பொத்திக்கொண்டார். (பொத்த வேண்டியது கண்ணை. பதற்றம்.)

"மாமா மகன்!" என்று கத்தினேன். "அந்தப் பெண்ணோட தாய்மாமா மகன். அந்தம்மா மாமி!"

மாமா எழுந்து நின்றார். தாய்மாமா விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. "மச்சான் பொண்டாட்டி தங்கச்சி முறைடா! பசங்களைச் சேர்த்தா பெரியவங்க இடிக்குது, பெரியவங்களைச் சேர்த்தா பசங்க இடிக்குது. முறையே தெரியாதவனுக்கா என் பொண்ணு? எழுந்திரு வசந்தா."

சலீம் தானாகவே மெஷினை அணைத்தான். "மாப்ளே, காய்கறியோட நிறுத்தியிருக்கலாம்" என்றான்.

படியில் இறங்கும்போது வசந்தா ஒரு நொடி நின்றாள். "ஏன் அத்தான், அவங்க சொந்தமே இல்லையே. கப்பல்ல பழக்கமானவங்க. இறங்குறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணும் அவனும் புது ஆளுங்க மாதிரி கை குலுக்கினாங்களே, பாக்கலையா நீங்க?"

பார்க்கவில்லை. நான் தெரிந்த வார்த்தை ஏதாவது வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கதைச்சுருக்கம் வந்தது. முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்கள் கப்பலில் பழகி, ஊர் வாய்க்குப் பயந்து சொந்தக்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பொய்யால் வரும் அவஸ்தைதான் படம். சைக்கிளை மிதித்துக்கொண்டு அரியமங்கலம் போனேன். பட்டறையில் நின்றபடி வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். வசந்தா சொன்னதையும் சொன்னேன்.

மாமா கையிலிருந்த போல்ட்டைத் துடைத்து வைத்தார். பிறகு, "ரெண்டு வருஷம் படிச்ச உனக்குத் தெரியல. சும்மா உக்காந்து பாத்தவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். "அவ பக்கத்துல இல்லேன்னா நீ ஊரையே தப்பா மொழிபெயர்ப்பே. தை மாசம் வெச்சுக்கலாம்."

சங்கம் அந்த ஒரு காட்சியோடு முடிந்தது. கல்யாணம் நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் விசேஷ வீட்டில் யார், என்ன உறவு என்று பிடிபடாத ஆள் வந்தால், "கப்பல்ல வந்தவங்க போல" என்று சொல்லி இலை போட்டுவிடுவார்கள்.

போன வாரம் என் பெண் ஸ்கூல் நோட்டில் குடும்ப மரம் வரைந்துகொண்டிருந்தாள். "அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா உனக்கு என்ன முறை?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். "நீங்க சும்மா இருங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "எழுதிக்கோடி, கப்பல்ல கூட வந்தவர்."