சொந்த உபயோகத்துக்கு ஒரு நகல்

தன் நிழல் தரையில் விழுவதற்குக்கூட முறையான மனு கேட்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ‘உண்மை நகல்’தான். தாலுகா ஆபீஸ் நகல் பிரிவில் முப்பது வருடம் என் எதிர் மேஜை. நிலச் சிட்டாக்களின் அடியில் ‘உண்மை நகல்’ என்று எழுதி எழுதி, வீட்டுக் கறிகாய்ச் சீட்டிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுவார். இயற்பெயர் ஓய்வூதியப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகாவது மூளை திறக்கும் என்று நினைத்தது என் தப்பு. போன வருடம் அவர் மகளின் கல்யாண டிவிடி கீறல் விழுந்து திக்க ஆரம்பித்தது. அதில் அவருடைய மச்சான், பேராவூரணிக்காரர், மைக் பிடித்து வாழ்த்திப் பேசுவார். அந்த மனிதர் இப்போது இல்லை. அவர் குரல் மிச்சமிருப்பது அந்தத் தட்டில் மட்டும்.

“எங்க அண்ணன் பத்து நிமிஷம் பேசுனாரு. இப்ப ‘என் தங்கச்சி, என் தங்கச்சி’ன்னு அங்கயே நிக்கிறாரு. அதுவும் போறதுக்குள்ள பென்டிரைவ்ல ஏத்துங்கன்னா, இவரு அட்டையைப் படிச்சுக்கிட்டு உக்காந்திருக்காருண்ணே” என்று அவர் மனைவி போனில் அழாத குறையாகச் சொன்னார்.

அட்டையில் ஸ்டுடியோக்காரர் அச்சடித்திருந்தது: ‘அனுமதியின்றி நகலெடுப்பது குற்றம்.’ ஊரே புதுப்படத்தைத் திருட்டுத்தனமாகப் போனில் பார்க்கிறது. இவர் தன் மகள் கல்யாணத்தைப் பார்க்க அனுமதி தேடுகிறார்!

நேரில் போனேன். “சார், நீங்க ஆள் வச்சு எடுக்கச் சொன்ன படம். வேற ஒப்பந்தம் இல்லாதவரைக்கும் உரிமை உங்களுது. அப்படி இல்லேன்னாலும் சொந்த உபயோகத்துக்கு ஒரு நகலைச் சட்டம் தடுக்காது.”

“எழுத்துல கொடுங்க.”

ஸ்டுடியோவுக்குப் பதிவுத் தபால் வேறு போட்டிருந்தார். அங்கே இப்போது பரோட்டாக் கடை. ‘விலாசதாரர் இல்லை’ என்று திரும்பிய உறையைக் கோப்பில் கட்டி வைத்திருந்தார்.

“உரிமையாளர் நீங்கதானே? உங்களுக்கே மனு போடுங்க” என்றேன் எரிச்சலில்.

போட்டுவிட்டார். அனுப்புநரும் அவர், பெறுநரும் அவர். ஒரு வாரம் கழித்து, “என்ன சார் ஆச்சு?” என்றால், “பரிசீலனையில இருக்கு.”

அதற்குள் தட்டு ‘என் தங்’கோடு நின்றது. அம்மையார் மனுவைப் பிடுங்கி, சிவப்பு மையில் ‘அனுமதிக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“உனக்கென்ன அதிகாரம்?”

“பொண்ணு உங்களுக்கு மட்டுமா பொறந்தா?”

உண்மை நகல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கூட்டுப் பட்டா. செல்லும்.”

பஸ் ஸ்டாண்டு செல்போன் கடைக்காரர் தட்டைத் துடைத்துத் துடைத்து மச்சானின் பேச்சை முழுசாக மீட்டுக் கொடுத்தார். மறுநாள் உண்மை நகல் என் வாசலில் நின்றார், கையில் இன்னொரு பென்டிரைவோடு. அதில் ஒட்டிய காகிதத்துண்டில் ‘உண்மை நகல்’, கையெழுத்து, தேதி.

“எனக்கா? சொந்த உபயோகத்துக்கு மட்டும்தானே சார் நகல்?”

“நீங்க சொந்தம் இல்லையா?”

எந்தச் சட்டத்திலும் நிற்காத வாதம். முப்பது வருடத்தில் அவர் சொன்னதில் அந்த ஒன்றைத்தான் நான் எழுத்தில் கேட்காமல் ஏற்றுக்கொண்டேன்.