வண்டி வேலையில் இருக்கிறது

அஸ்தினாபுரம்,
2006, ஆவணி, திங்கட்கிழமை.

அன்புள்ள அக்கா சத்யப்ரியாவுக்கு,

தம்பி ஷ்யாம்சுந்தர் எழுதிக்கொண்டது. இங்கே அனைவரும் நலம், வண்டியைத் தவிர. அங்கே உன் நலத்தையும், ஹேமநாத் மாமாவின் நலத்தையும், உனக்குள் இருக்கும் இன்னும் பெயரில்லாத நபரின் நலத்தையும் அறிய ஆவல்.

அப்பா எழுதச் சொன்ன செய்தி இதுதான்: 'ஏழாம் மாத வளைகாப்புக்கு இங்கிருந்து யாரும் வர இயலாது. வண்டி வேலையில் இருக்கிறது.'

எழுதிவிட்டேன். அப்பா வாங்கிப் படித்தார். "இயலாது, நல்ல சொல்" என்றார். டியூஷன் எடுக்கப் போய்விட்டார். தாளில் மீதி இடம் காலியாகக் கிடக்கிறது. எம்.ஏ. படித்தவனால் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

வண்டிக்கு என்ன வேலை என்று கேட்பாய்.

உன் பெயரை எடுக்கிற வேலை.

நம் சிவப்பு ஆம்னியை உனக்கு மறந்திருக்காது. நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது வாங்கியது. முதல் பிள்ளையின் பெயரைப் பின்கதவில் ஒட்டாவிட்டால் வண்டி ஓடாது என்பதுபோல், வந்த அன்றே அப்பா மஞ்சள் ஸ்டிக்கரில் 'சத்யப்ரியா' என்று ஒட்டினார். அன்றிலிருந்து இந்தக் காலனியில் தட்சிணாமூர்த்தி என்ற கெமிஸ்ட்ரி ஆசிரியரைத் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவர் சத்யப்ரியா சார். நீ ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஈஞ்சம்பாக்கம் மீனவர் குப்பத்துக்குப் போன பிறகும் அப்படித்தான். மார்க்கெட்டில் யாராவது, "சத்யப்ரியா வண்டி யார்துபா? கொஞ்சம் நவுத்துபா" என்று கத்துவார்கள். அப்பா திரும்பிப் பார்ப்பார். வண்டியை அல்ல. கூட்டத்தை.

போன மாதம் அம்மா காப்பியைக் கொடுத்துவிட்டு, "வளையல் வாங்கியாச்சு. எப்பப் போய்க் கூட்டிட்டு வரப்போறோம்?" என்றாள். அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "முதல்ல வண்டியிலேருந்து அந்தப் பேரை எடுக்கறேன். அப்புறம் பேசு."

எந்த வண்டியில் நீ வர வேண்டுமோ, அந்த வண்டியிலிருந்து.

முதலில் சூடு. சூடு காட்டினால் ஸ்டிக்கர் தானாக உரியும் என்று அப்பா சொன்னார். மாடி வீட்டு ஸ்நேகாவின் தலை உலர்த்தும் மெஷினை வாங்கி, கூடத்திலிருந்து தெரு வரைக்கும் ஒயர் இழுத்து, வண்டியின் பின்னால் மோடா போட்டு உட்கார்ந்தார், ஸ்நேகா மாடியிலிருந்து "அங்கிள், என்ன ஷாம்பூ போட்டீங்க?" என்று கேட்டாள், அப்பா சூட்டைக் கூட்டினார், ஃப்யூஸ் போயிற்று, மூன்று வீட்டில் சீரியல் நின்றது, மூன்று வீட்டுப் பெண்களும் வாசலுக்கு வந்து கதாநாயகிக்கு என்ன ஆனது என்று அப்பாவிடம் கேட்டார்கள், அவர் என்னவோ தாலியை அறுத்தவர் மாதிரி. ஸ்டிக்கர் வெயிலில் காய்ந்து அப்பளமாகியிருந்தது. முழுதாக உரியவில்லை. நகம் நகமாக உடைந்தது. முதல் நாள் 'ச' மட்டும் வந்தது. அப்பா என் பழைய பிளாஸ்டிக் ஸ்கேலால் சுரண்டினார். மெதுவாக. பரீட்சைத் தாளில் மதிப்பெண் குறைக்கும்போது மட்டும் அவருக்கு வரும் நிதானம்.

மஞ்சள் போனது. பசை நின்றது.

"லைக் டிஸால்வ்ஸ் லைக்" என்றார் அப்பா. "ஒத்ததை ஒத்தது கரைக்கும். கரைப்பான் சரியா இருந்தா கரையாதது எதுவும் இல்ல." மண்ணெண்ணெய் ஊற்றினார். பசை இளகி, கையில் ஒட்டி, கதவில் ஒட்டி, அவர் மூக்குக்கண்ணாடியில் ஒட்டியது. அடுத்து தேங்காய் எண்ணெய். எதிர்வீட்டுக்காரர் நின்று பார்த்து, "என்ன சார், சனிக்கிழமையா? வண்டிக்கு எண்ணெய்க் குளியலா?" என்றார். அம்மா ஜன்னலிலிருந்து, "பொண்ணு தலையில ஒரு நாள் தேச்சு விட்டதில்ல. வண்டிக்குத் தேய்க்கறார் பாரு" என்றாள்.

பெயின்ட் கரைக்கிற தின்னர்தான் வழி என்று ஒரு மாலை குரோம்பேட்டைக்குக் கிளம்பினோம். வண்டி எதிர்த்திசையில், உன் ஊர்ப் பக்கம் போனது. மேடவாக்கம். பள்ளிக்கரணை. துரைப்பாக்கம் ரோட்டில், சதுப்பு நிலத்தை ஒட்டி, அப்பா வண்டியை நிறுத்தினார். தண்ணீர். நாணல். தூரத்தில் ஒற்றைக் கொக்கு.

"இங்கேருந்து எவ்வளவு தூரம் இருக்கும்?"

"எங்கப்பா?"

"எங்கேயும் இல்ல."

பின்விளக்கை அணைக்க மறந்திருந்தார். கிளம்புமுன் இறங்கிப் பார்த்தால், சதுப்பு நிலத்துக் கொசுவெல்லாம் வெளிச்சத்துக்கு வந்து பசையில் ஒட்டிக்கொண்டிருந்தன. சத்யப்ரியா. கறுப்பில். சில எழுத்துகள் இறக்கை அடித்துக்கொண்டிருந்தன. நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. துடைக்கவும் இல்லை. அப்படியே ஓட்டிக்கொண்டு வீடு வந்தோம்.

மறுநாள் தின்னர் வந்தது. பசை முழுக்கப் போனது. அப்போதுதான் தெரிந்தது: கதவின் சிவப்பு இத்தனை வருட வெயிலில் வெளுத்து, பழைய செங்கல் நிறமாகியிருக்கிறது. உன் எழுத்துகளுக்கு அடியில் மட்டும் வெயில் படவில்லை. அங்கே வண்டி வாங்கிய நாளின் சிவப்பு. முன்பு பத்தடியில் தெரிந்த பெயர் இப்போது தெருமுனையிலிருந்தே தெரிந்தது.

குரோம்பேட்டையில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் அருண்ராஜிடம் போனோம். பெயின்ட்டும் அடிப்பவர். அவர் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத்த எடுக்க முடியாது சார். இங்க ஒண்ணும் ஒட்டிக்கினு இல்லியே, இன்னாத்த எடுக்கறது? பேஜாரு. மேல வேற பேர ஒட்டிடலாம். ரெண்டாவது புள்ள கீறாரே" என்றார்.

அக்கா, ஒரு பெயரை மறைக்க ஒட்டப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். அது வசதியான நிலை அல்ல. வெள்ளையில் 'ஷ்யாம்சுந்தர்'. என் எழுத்துகளின் சந்துகளிலெல்லாம் நீ. உன் பெயர் கொஞ்சம் மேலே, என் பெயர் கொஞ்சம் கீழே. மறுநாளே மார்க்கெட்டில் டியூஷன் பையன் ஒருவனின் அப்பா ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சத்யப்ரியா, ஷ்யாம்சுந்தர்! பொருத்தமான பேரு சார். கல்யாணத்துக்குச் சொல்லவே இல்லையே! மாப்பிள்ளை எங்க வேலை பாக்கறார்?"

அப்பா கையை உருவிக்கொள்ளவில்லை. "கடல்ல" என்றார்.

அக்கா, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மாமாவின் வேலையை அப்பா வாயால் சொன்னது அதுதான் முதல் முறை. பிறகு நேராக அருண்ராஜிடம் போய், கதவு முழுக்கப் பெயின்ட் அடிக்கச் சொன்னார்.

"அடிச்சா தெரியாதே?"

"சுத்தமா தெரியாது சார்."

"அடியில?"

"அடியில இருக்கும். இருந்தா இன்னா சார், யாரு பாக்கப் போறா?"

அப்பா கதவை ஒருமுறை தடவிப் பார்த்தார். புதன்கிழமை என்று முடிவாயிற்று.

ஆகவே வண்டி வேலையில் இருக்கிறது. வர இயலாது. நீ மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே. ராத்திரி ஈரத்தில் நடக்காதே. மாமாவுக்கு என் அன்பு. அவர் அம்மா அங்காளம்மா அத்தைக்கு என் வணக்கம். போன முறை நான் அங்கே வந்தபோது அத்தை வைத்த சங்கரா மீன் குழம்பைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். புளி எவ்வளவு என்று மட்டும் கேட்டாள். மாசமாக இருக்கும் உன்னை ஆசீர்வதிக்க எனக்கு வயது போதாது. உள்ளே இருப்பவருக்கு மட்டும், மாமன் என்ற முறையில், முழு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் பெயரின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் தம்பி,
ஷ்யாம்சுந்தர்

பி.கு: இன்று புதன். கடிதம் இன்னும் போகவில்லை. உறை ஒட்டவில்லை. இந்த வீட்டில் வேண்டிய இடத்தில் பசை ஒட்டாது. காலையில் அப்பா பெயின்ட் அடிக்க வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் தூங்கி எழுந்து பல் தேய்க்கும்போது அருண்ராஜ் போன் செய்தார். "இன்னா தம்பி, பெயின்ட்ட கலக்கி வச்சிக்கினு குந்திக்கினு கீறேன். சாரக் காணோம்?" அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மாவையும் காணோம். பீரோவில் வளையல் பெட்டியைக் காணோம். வண்டி நிற்கும் இடத்தில் போய்ப் பார்த்தேன். தரையில் என் பெயர் கிடந்தது. புது ஸ்டிக்கர். முழுதாக, பிசிறில்லாமல் உரிந்து வந்திருக்கிறது.

ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்காதே. எப்படியும் இது கிடைக்கும்போது நீ இங்கேதான் இருப்பாய், நானே உன் கையில் கொடுக்கப்போகிறேன். இங்கே அடுப்பு பற்ற வைக்கவில்லை. அத்தையின் மீன் குழம்பு ஒரு தூக்கில் வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறேன்.