ஷாமியானா அண்ணாத்தே வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளை

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் வட்டாரத்தில் என்னைப்போல் வெட்கப்பட்டவன் வேறு எவனும் இருக்க முடியாது. அத்தனைக்கும் காரணம் ஒரே ஆள். அவருடைய பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் ஷாமியானா அண்ணாத்தே. கள்ளிக்குப்பத்தில் பந்தல், சேர், சவுண்டு சர்வீஸ் கடை வைத்திருந்தார். பாடியிலிருந்து ஆவடி வரைக்கும் காது குத்தியவர், கல்யாணம் கட்டியவர், கட்சி மாறியவர், கண்ணை மூடியவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் அவருடைய துணியின் நிழலில்தான் அதைச் செய்தார்கள்.

நாலு பேர் வெயிலில் நிற்பதைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். ஒருமுறை பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, பஸ் ஸ்டாப்பில் பந்தல் போட்டு நாற்காலியும் போட்டுவிட்டார். வந்த டிரைவர் ஏதோ பொதுக்கூட்டம் என்று நினைத்து வண்டியை வேறு தெருவில் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலைவரை ஒரு பஸ்ஸும் அங்கே நிற்கவில்லை. ஜனங்கள் சௌகரியமாக உட்கார்ந்து அவரைத் திட்டினார்கள்.

எங்கள் சேவை சங்கத்தில் அவர் உறுப்பினரானதே நாற்காலியால்தான். கண் சிகிச்சை முகாமா, தையல் மெஷின் வழங்கும் விழாவா, எல்லாவற்றுக்கும் அவருடைய சேர்தான். வாடகை கேட்க மாட்டார். அப்பேர்ப்பட்டவரை வெளியே நிறுத்த முடியுமா? சேர்த்துக்கொண்டோம். ஆனால் மேடையில் ஏற்றியதில்லை. மேடையில் தலைவர் இருப்பார். அவர் பம்பு கம்பெனி முதலாளி. பக்கத்தில் செயலாளரான நான் இருப்பேன். நான் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு குமாஸ்தா. ஆங்கிலத்தில் கடிதம் எழுத வரும் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. மேடையைப் போட்ட அண்ணாத்தே ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று கை தட்டுவார்.

அப்போதுதான் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் எங்கள் சங்கத்துக்கு முதல்முறையாக ஒரு வெளிநாட்டு மாணவன் ஒதுக்கப்பட்டான். ஜெர்மனிக்காரப் பையன், பெயர் மார்க்குஸ். ஒரு வருஷம் உறுப்பினர் ஒருவர் வீட்டில் பிள்ளையைப்போல் தங்கி, இங்கே படித்து, நம் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு போவான். பெருமையாகக் கை தட்டி வரவேற்ற கூட்டம், "யார் வீட்டில் தங்க வைப்பது?" என்று தலைவர் கேட்டதும் ஊமையாகிவிட்டது. ஒருவர் வீட்டில் வயதுக்கு வந்த பெண். ஒருவர் வீட்டில் முட்டைகூட உள்ளே வரக்கூடாது. தலைவர் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். அது வருஷம் முழுக்க நடக்குமாம். நான் என் ஒண்டுக்குடித்தனத்தை நினைத்துத் தரையைப் பார்த்தேன்.

பின்னால் டீ டிரம் பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. "நம்ம ஊட்ல வச்சிக்கலாம் சார். மாடில ரூம்பு சும்மாதான் கீது. என் சம்சாரம் மீன் கொயம்பு வச்சான்னா ஜெர்மனி இன்னா, எவனும் திரும்பிப் போவ மாட்டான்."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன். வேறு கை எதுவும் உயரவில்லை.

பையன் வந்து இறங்கிய காலையில் முதல் தடவையாக என் மானம் போயிற்று. வரவேற்புக்கு அண்ணாத்தே வாசலை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்; வரிசையாக நாற்காலியும் போட்டாயிற்று. வாழை மரமும் தோரணமும் ஏற்றி வந்த வண்டி மட்டும் பாடி சந்திப்பில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. வாழை மரம் இல்லாமல், மேளம் இல்லாமல், ஒரு வீட்டு வாசலில் காலையில் திடீரென்று வெறும் பந்தலும் நாற்காலியும் முளைத்தால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். தெரு ஜனங்கள் போட்டது போட்டபடி வந்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சங்கு ஊதுகிறவர் துணைக்கு ஒரு ஆளோடு வந்து, "எத்தினி மணிக்கு எடுக்கறீங்க?" என்று என்னைக் கேட்டார்.

இதெல்லாம் தெரியாமல் பையன், விமானத்தில் தூக்கமில்லாத களைப்பில், வாசலிலிருந்த பெஞ்சில் நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டான். ஆறடி உயரம். கால் பெஞ்சுக்கு வெளியே நீண்டிருந்தது. பக்கத்துத் தெரு அம்மாள் ஒருத்தி முந்தானையால் முகத்தை மூடியபடியே வந்து, அவன் தலைமாட்டில் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டாள். "என்னப் பெத்த ராசா, இந்த வயசுல போயிட்டியே." பிறகு முந்தானையை விலக்கிப் பார்த்தாள். "அய்யோ, ஒடம்புல பொட்டு ரத்தமில்லாம வெளுத்துட்டியே கண்ணு."

பையன் எழுந்து உட்கார்ந்து, கைகூப்பி வணக்கம் சொன்னான். அந்த அம்மாளைத் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியிருந்தது.

இதை அம்பாசடர் காரிலிருந்து இறங்கிய சங்கத்தின் மாவட்ட நிர்வாகி முழுவதும் பார்த்துவிட்டார். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர் என்பதால் எங்களுக்கு அவர் கோட்டு சார். வெளிநாட்டு மாணவர்கள் எல்லாரும் அவர் பொறுப்பு. "இங்கே யார் செத்தது?" என்று கேட்டார். என் மானம்தான் என்று சொல்லத் தோன்றியது.

அதற்குப் பிறகு அவமானத்துக்குக் குறைவே இருந்ததில்லை. அண்ணாத்தே பையனிடம் எதையாவது கேட்பார். அதை நான் ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். "உங்கப்பாரு இன்னா சம்பாரிக்கிறாரு?" என்பார். "உங்கம்மா உன்ன இம்மாந் தொலவு அனுப்பிட்டு எப்டி சோறு துன்னுது?" என்பார். நான் காது சிவக்க எதையோ மென்று விழுங்கிச் சொல்வேன். பையன் பொறுமையாகப் பதில் சொல்வான். அண்ணாத்தேயின் சம்சாரம் பச்சையம்மாள், மார்க்குஸ் என்ற பெயர் வாயில் நுழையாமல் அவனை மார்க்கண்டு என்று மாற்றிவிட்டு, அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் அவனுக்கு நல்ல தமிழ் கற்றுக்கொடுத்தேன். "நான் நலமாக இருக்கிறேன். தாங்கள் நலமா?" என்று அழகாகச் சொல்வான். அந்த ஒன்றில்தான் எனக்குப் பெருமை. மற்ற நேரங்களில் அவன் அண்ணாத்தேயின் ஆட்களோடு வேனில் நாற்காலிகளுக்கு மேல் உட்கார்ந்து ஊரைச் சுற்றுகிறான் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்படாததுபோல் இருந்துவிட்டேன்.

ஒரு நாள் ஆபீசுக்கு போன் வந்தது. கோட்டு சார்தான். ஆவடிப் பக்கம் முத்தாபுதுப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். பந்தலில் நிமிர்ந்து பார்த்தால், ஏணி உச்சியில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரன் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருக்கிறான்.

"அவன் மாணவனா, கான்ட்ராக்ட் லேபரா?" என்றார். "வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆண்டு விழாவுக்கு வருகிறேன். முடிந்ததும் பையனைக் காரில் அழைத்துப் போகிறேன். அடையாறில் ஒரு நல்ல குடும்பம் இருக்கிறது. பெட்டியைக் கட்டி வைக்கச் சொல்லுங்கள்." போனை வைத்த பிறகும் நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எங்கள் சங்கத்துக்கு இனி ஒரு மாணவனும் வரமாட்டான் என்பது நிச்சயமாயிற்று.

இதைச் சொல்ல நான்தான் கள்ளிக்குப்பத்துக்குப் போக வேண்டியிருந்தது. கத்துவார், சண்டைக்கு வருவார் என்று தயாராகப் போனேன். அண்ணாத்தே ஒரு மூங்கிலைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வேலைக்கு நான் கூப்படல சார். அதுவாத்தான் ஏறிச்சு. பசங்களோட சிரிச்சிகினு இருந்துச்சு, சரி, நல்லாக்கீதேன்னு உட்டுட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "நம்மளால சங்கத்துக்கு அசிங்கம் ஆயிடிச்சு. உனக்கும் தலகுனிவு. மன்னிச்சிக்க சார்."

"பரவாயில்லை அண்ணாத்தே" என்றேன். அதைச் சொல்லவும் எனக்கு வெட்கமாக இருந்தது.

"அந்த ஊட்ல ஏசி இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப இட்டுகினு போவட்டும். இங்க புள்ள வேத்துகினு கெடக்குது." சொல்லிவிட்டு, கட்ட வேண்டிய கயிறு ஒன்றும் இல்லாத இடத்தில் எதையோ கட்டப் போனார். உள்ளே பச்சையம்மாள் பையனுடைய சட்டைகளை இஸ்திரி போட ஆரம்பித்திருந்தாள்.

ஆண்டு விழாவுக்கு அண்ணாத்தே போட்ட பந்தலைப்போல் ஒன்றை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. மூன்று நிறத் துணி மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. வாழை மரம் இந்த முறை முந்தைய நாளே வந்துவிட்டது. பையனின் பெட்டி காரின் டிக்கியில் ஏறியிருந்தது. கோட்டு சாரின் முன்னால் சங்கத்தின் மானத்தைக் கொஞ்சமாவது காப்பாற்ற, பையன் பேசுவதற்காக நான் ஒரு தமிழுரை எழுதிக் கொடுத்திருந்தேன். "பேரன்புமிக்க பெரியோர்களே" என்று தொடங்கும். பத்து தடவை சொல்ல வைத்து, ஒரு பிழையும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன்.

பையன் மைக் முன்னால் போய் நின்றான். காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"எல்லாருக்கும் வணக்கம்பா. நான் மார்க்கண்டு. கள்ளிக்குப்பத்துல கீறேன்."

பின்வரிசையில் விசில் கிளம்பியது. தலைவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். கோட்டு சார் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கற்றுக்கொடுத்தது இது இல்லை சார் என்று கையால் சைகை காட்டினேன். மேடைப் பலகை விலகி நான் உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"சார் என்ன வேற ஊட்டுக்கு இட்டுகினு போறேன்றாரு. நல்ல ஊடு, ஏசி கீதாம். ஆனா எனக்கு இங்க ஊடு கீது. அம்மா கீது. ஏணில நான்தான் ஏறுனேன், அண்ணாத்தே ஏத்தல. திட்டறதுன்னா என்னத் திட்டு சார். நான் வரல." பிறகு ஜெனரேட்டர் பக்கம் திரும்பினான். "அண்ணாத்தே, மேல வா."

அண்ணாத்தே வரவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் போய் அவரைத் தூக்காத குறையாக மேடைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கோட்டு சார் எழுந்து அவர் முன்னால் போய் நின்றார்.

"பையனை இனிமேல் ஏணி ஏற்றாமல் பார்த்துக்கொள்வீர்களா?"

"நான் ஏத்த மாட்டேன் சார்" என்றார் அண்ணாத்தே, துண்டை எடுக்காமலேயே. "அதுவா ஏறிடுது. அதுக்கு இன்னா பண்றதுன்னுதான் தெரியல."

கோட்டு சார் அவரைப் பார்த்தார். உதடு துடித்தது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. "பெட்டியை இறக்கச் சொல்லுங்கள்" என்றார் என்னிடம்.

பச்சையம்மாள்தான் முதலில் காரை நோக்கி ஓடினாள்.

மேடையில் அண்ணாத்தேக்கு நாற்காலி இல்லை. ஊருக்கெல்லாம் நாற்காலி போட்டவருக்கு ஒன்று போட எங்களில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. மார்க்குஸ் கீழே குதித்துப் போய் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து வந்து, வரிசையின் கடைசியில், என்னைத் தாண்டிப் போட்டான். அண்ணாத்தே அதன் நுனியில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்கால்மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"சார்" என்றார் மெதுவாக. "எல்லாரும் நம்மளத்தான் பாக்குறாங்களா?"

"ஆமாம்."

"ரொம்ப வெக்கமா கீது சார்."

"எனக்கும்தான் அண்ணாத்தே" என்று சொல்லி, என் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.